தலைமாடும் கால்மாடும்: உடல் கிடக்கும் நிலைக்கான கோரிக்கைச் சாசனம்

மக்கள் நல்வாழ்வுத் துறை, தொழிலாளர் நலத் துறை, அரசு மற்றும் தனியார் மருத்துவமனை நிர்வாகங்கள், கடை உரிமையாளர்கள் ஆகியோரின் கவனத்துக்கு:

முகவுரை

எந்தத் திசையில் தலை வைத்துப் படுக்கலாம், வடக்கு ஆகுமா ஆகாதா என்பதற்கு நம் வீடுகளில் ஆளுக்கொரு விதி உண்டு. தலை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், எவ்வளவு நேரம் நின்றால் கால் தாங்கும் என்ற கேள்விகளை வீட்டிலும் கேட்பதில்லை, வார்டிலும் கேட்பதில்லை, கடையிலும் கேட்பதில்லை. இந்தச் சாசனத்தில் கையெழுத்திடும் நாங்கள் அந்தக் கேள்விகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள். எங்களில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தார் இருக்கிறோம். செவிலியர், இயன்முறை மருத்துவர், வார்டு ஆயாக்கள் இருக்கிறோம். காலையில் கடை திறந்தது முதல் இரவு ஷட்டர் இறங்கும்வரை நின்றே பிழைப்பவர்களும் இருக்கிறோம்.

2021 ஏப்ரலில், ஆக்சிஜன் சிலிண்டருக்கு நாடே அலைந்துகொண்டிருந்தபோது, மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு குறிப்பை வெளியிட்டது. வீட்டுத் தனிமையில் இருந்துகொண்டு மூச்சுத் திணறும் கோவிட் நோயாளிகள் தலையணைகளை வைத்துக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும், பிறகு பக்கம் மாற வேண்டும், சாய்ந்து உட்கார வேண்டும் என்று அது படம் போட்டுச் சொன்னது. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் எண் ஏறுவதைப் பல குடும்பங்கள் கண்ணால் பார்த்தன. அது திடீரென்று முளைத்த வைத்தியமும் அல்ல. 2013இல் வெளியான ஆய்வில், நுரையீரல் கடுமையாகப் பழுதாகி வெண்டிலேட்டரில் இருந்தவர்களைத் தினமும் நீண்ட நேரம் குப்புறக் கிடத்தியபோது, 28 நாள் இறப்பு விகிதம் 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக இறங்கியிருந்தது.

ஆக, உடல் கிடக்கும் நிலை சிகிச்சையே என்பதை அரசே நமக்குச் சொல்லிக்கொடுத்தது. தொற்று ஓய்ந்ததும் அந்தப் பாடமும் ஓய்ந்துவிட்டது. மாத்திரைக்குச் சீட்டு உண்டு, ஊசிக்கு நேரம் உண்டு, ஊசி போடுவதற்குப் பொறுப்பான ஆள் உண்டு. படுக்கும் நிலைக்கு மூன்றும் இல்லை. அதற்கும் ஓர் உத்தரவு, ஓர் ஆள், வேலை செய்யும் ஒரு படுக்கை வேண்டும் என்பதே இந்தச் சாசனத்தின் சாரம்.

உடம்புக்குள் நடப்பது

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. நல்ல உடம்பு சில நொடிகளில் சமாளித்துக்கொள்ளும். ரத்தக்குழாய்கள் இறுகும், இதயம் வேகம் கூட்டும். முதியவர்கள், சர்க்கரை நோயால் நரம்பு பழுதானவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், சிலவகை பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்தச் சமாளிப்பு சரியாக அமைவதில்லை. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் பிரஷர் 20 புள்ளியோ கீழ் பிரஷர் 10 புள்ளியோ இறங்கினால் அதை மருத்துவம் கோளாறாகவே கணக்கில் எடுக்கிறது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்து, தலை சுற்றி விழுந்து, இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

காலுக்கு இறங்கிய ரத்தம் திரும்ப மேலே ஏற, கெண்டைக்கால் தசை ஒத்துழைக்க வேண்டும். நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தம் மறுபடி இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் இந்தப் பம்பு ஓடாது. சிரை புடைக்கும், வால்வு தளரும், கணுக்கால் வீங்கும்.

படுத்தால் கதை தலைகீழ். கால் ரத்தம் நெஞ்சுக்குத் திரும்புகிறது. இதயம் பலவீனமாக இருந்தால் அந்தச் சுமை நுரையீரலில் நீராகத் தேங்குகிறது. "படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தாத்தான் கண்ணசர முடியுது" என்று ஒருவர் சொல்வது புலம்பல் அல்ல. இதயம் தள்ளாடுவதன் அறிகுறி.

வெறுமனே கிடப்பதற்கும் விலை உண்டு. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஆரோக்கியமான 5 இளைஞர்களை 20 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். உழைக்கும்போது உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால் பங்குக்கும் மேல் சரிந்தது. அதே ஐவரை 30 ஆண்டு கழித்துச் சோதித்தபோது, முப்பது வருட மூப்பு செய்த சேதத்தைவிட மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே பெரிதாக இருந்தது.

கோரிக்கைகள்

அ. மருத்துவமனைப் படுக்கை

பொது வார்டில் தலைமாடு உயர்த்தும் கட்டில்கள் இல்லாமல் இல்லை. கால்மாட்டில் குனிந்து பார்த்தால் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று முதுகுப் பக்கத்துக்கு, மற்றொன்று முழங்காலுக்கு. திருகைச் சுற்றும் ஹேண்டில்தான் இருக்காது. தொலைந்துவிடும் என்று மேசை டிராயரில் பூட்டி வைத்திருப்பார்கள். அல்லது முழு வார்டுக்கும் ஒன்றுதான் சுற்றிவரும். அதுவும் இல்லையென்றால் மரை தேய்ந்து, ஏற்றிய தலைமாடு பத்து நிமிடத்தில் தானாக இறங்கும். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றால் மகன் என்ன செய்வான்? பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து, அதன் முதுகு சரிவாக வரும்படி மெத்தையில் சாய்த்து, மேலே தலையணையும் போர்வை மூட்டையும் அடுக்கி, அவரை அதில் சாய்த்து உட்காரவைப்பான். இந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் படுக்கை பிடித்த எல்லாருக்கும் தெரியும். ஒரு ஹேண்டிலின் விலைக்கு நிர்வாகம் செய்யாத வேலையைக் குடும்பம் செய்கிறது.

1. எல்லா அரசு மருத்துவமனைகளிலும் தலைமாடு, முழங்கால் இரண்டையும் தனித்தனியே உயர்த்தக்கூடிய கட்டில்களைக் கணக்கெடுத்து, பழுதானவற்றை ஆறு மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும். ஹேண்டில் கட்டிலோடு இணைந்தே இருக்க வேண்டும். கோணம் காட்டும் குறி கட்டிலின் பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

2. மருத்துவர் எழுதும் தினசரி உத்தரவில் "படுக்கும் நிலை" என்று ஒரு கட்டம் அச்சிட வேண்டும். தலைமாடு எத்தனை டிகிரி, எந்தப் பக்கம், கால் உயர்த்தலாமா கூடாதா, எப்போது உட்காரவைப்பது, எப்போது நடக்கவைப்பது என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

3. "எல்லாருக்கும் தலையைத் தூக்கு, காலைத் தூக்கு" என்ற ஒரே விதி ஆபத்து. சிரைக் கோளாறால் வீங்கும் காலை இதயத்துக்கு மேலாக உயர்த்தினால் நல்லது. புகைப் பழக்கத்தாலோ சர்க்கரையாலோ தமனி அடைத்துப்போன காலை உயர்த்தினால் வலி கூடும். அந்த நோயாளி காலைத் தொங்கவிட்டால்தான் ஆறுதல். பார்த்தால் இரண்டும் கால் வலிதான். வேறுபாட்டைக் கண்டறிந்து எழுதுவது மருத்துவரின் பொறுப்பாக வேண்டும்.

4. வெண்டிலேட்டரில் இருப்பவர்களுக்கும், மூக்கு டியூப் வழியாக உணவு பெறுபவர்களுக்கும், தடை ஏதும் இல்லையென்றால் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். 1999இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வு இதன் கனத்தைக் காட்டியது. மல்லாந்து கிடந்த வெண்டிலேட்டர் நோயாளிகளில் 34 சதவீதத்தினருக்கு நிமோனியா அறிகுறிகள் வந்தன; சாய்த்து வைக்கப்பட்டவர்களில் 8 சதவீதம்.

5. தானாகப் புரள முடியாத ஒவ்வொருவரையும் இரண்டு மணிக்கு ஒருமுறையோ, தோலின் நிலை பார்த்து மருத்துவக் குழு வகுக்கும் இடைவெளியிலோ புரட்டிப் படுக்கவைத்து, நேரத்தைக் கட்டிலில் தொங்கும் அட்டையில் குறிக்க வேண்டும். எலும்பு புடைத்த இடத்தில் உடல் எடை அழுத்தினால் தோலின் நுண்குழாய்களில் ரத்தம் நின்றுபோகும். படுக்கைப் புண் அங்கேதான் தொடங்குகிறது: வால் எலும்பு, இடுப்பு, குதிகால், பின்தலை.

6. தலைமாட்டை உயர்த்தும்போது நோயாளி கால்மாட்டுப் பக்கம் வழுக்குவார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் உள்ளே நகரும். நடுவில் ரத்தக்குழாய் நசுங்கும். ஆகவே முதலில் முழங்கால் பக்கம், பிறகு தலைமாடு என்ற வரிசையை எல்லா ஊழியர்களுக்கும் பழக்க வேண்டும். படுக்கைப் புண் ஆபத்து உள்ளவர்களுக்கு, மூச்சோ உணவோ கேட்டாலொழிய, 30 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் வைக்கக் கூடாது.

7. கனத்த உடம்பு ஒன்றைப் புரட்ட இருவர் வேண்டும். இரவுப் பணியில் ஒரே செவிலியரை வைத்துக்கொண்டு "ஏன் புரட்டவில்லை" என்று விளக்கம் கேட்பது அநியாயம். ஒவ்வொரு வார்டுக்கும் இரவிலும் இரண்டு பயிற்சி பெற்ற உதவியாளர்களும், நோயாளியைத் தூக்காமல் நகர்த்த உதவும் வழுக்குத் துணிகளும் வேண்டும். செவிலியரின் இடுப்பும் இடுப்புதான்.

8. "முழு ஓய்வு" என்று எழுதினால் காரணமும் முடியும் நாளும் சேர்த்து எழுத வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்தவர்களை, தடை இல்லாதபோது, கூடிய சீக்கிரம் உட்காரவைத்து நடக்கவைக்க இயன்முறை மருத்துவர்கள் எல்லா வட்ட மருத்துவமனைகளிலும் இருக்க வேண்டும்.

9. மருத்துவமனைக்குள் வந்த பிறகு உண்டான படுக்கைப் புண்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு மருத்துவமனையும் மாதம்தோறும் அறிவிப்புப் பலகையில் வெளியிட வேண்டும். டெங்குக் கணக்கு வைப்பவர்களால் இந்தக் கணக்கும் வைக்க முடியும்.

ஆ. கர்ப்பமும் பிரசவமும்

10. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தால், கருப்பை முதுகெலும்பை ஒட்டிய பெருஞ்சிரையை அழுத்தி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கிறது. தாய்க்கு மயக்கம், சிசுவுக்கு ரத்தக் குறைவு. 28ஆம் வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துத் தூங்குமாறு ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் சொல்ல வேண்டும். இரவில் விழித்துப் பார்க்கும்போது மல்லாந்து கிடந்தால் பயப்பட வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்கேன் மேசையில் இடுப்புக்கு அடியில் வைக்கச் சாய்வுத் தலையணை இருக்க வேண்டும்.

11. பிரசவ மேசையில் மல்லாந்து, காலைத் தூக்கிக் கட்டியபடிதான் பெற வேண்டும் என்ற நிலை மாற வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைகள் பெண் தனக்கு வசதியான நிலையைத் தேர்ந்தெடுப்பதை ஆதரிக்கின்றன. 2017இல் தொடங்கிய மத்திய அரசின் லக்ஷ்யா திட்டமும் அதையே சொல்கிறது. காகிதத்தில் இருக்கும் இந்த உரிமை பிரசவ அறைக்குள் வர, சாய்வு மாற்றக்கூடிய படுக்கைகளும் அதற்குப் பழகிய கைகளும் வேண்டும்.

12. பிறந்த குழந்தைக்கு விதி வேறு: மல்லாக்க, சமதளத்தில், தலையணை இல்லாமல். பிரிட்டனும் அமெரிக்காவும் 1990களில் இதை வீடு வீடாகச் சொன்ன பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. 10 டிகிரிக்கு மேல் சரிந்த குழந்தைப் படுக்கைகளின் விற்பனையை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடுத்தது. டிஸ்சார்ஜ் அட்டையில் இந்த அறிவுரை அச்சாக வேண்டும்.

இ. வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள்

13. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. அதை வரவேற்கிறோம். மருந்துப் பையோடு, காற்று மெத்தை, முதுகுச் சாய்வுச் சட்டம், குதிகால் பஞ்சணை ஆகியவற்றையும் திருப்பித் தரும் அடிப்படையில் இரவல் கொடுக்கும் கிடங்கு ஒன்றை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்க வேண்டும்.

14. பராமரிப்பவருக்கு, பெரும்பாலும் அது மருமகளோ மகளோதான், ஒரு நாள் செயல்முறைப் பயிற்சி வேண்டும். தனியாளாக எப்படிப் புரட்டுவது, முழங்கால்களுக்கு இடையே தலையணை எப்படி வைப்பது, சிவந்த தோலை எப்படி அடையாளம் காண்பது, ஏன் அதைத் தேய்க்கக் கூடாது என்பவை அதில் இடம்பெற வேண்டும்.

15. முதியவர்களின் ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளக்க வேண்டும். உட்காரவைத்து ஒரு தடவை பார்த்தால் விழுந்துவிடும் ஆபத்து தெரியாது. எழும்போது முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சற்று நேரம் உட்காரும் பழக்கத்தை ஒவ்வொரு வருகையிலும் நினைவூட்ட வேண்டும்.

ஈ. நின்றே பிழைப்பவர்கள்

இங்கிலாந்து 1899இலேயே கடைப் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கை என்று சட்டம் இயற்றியது. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி கேட்டது. கோழிக்கோடு மிட்டாய்த்தெருக் கடைப் பெண்கள் எழுப்பிய குரலால் கேரளம் 2018இல் கடைகளுக்கும் அந்த உரிமையைத் தந்தது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது.

ஜவுளிக்கடைக்குள் போய்ப் பாருங்கள். ஸ்டூல் இருக்கும். கவுண்டருக்கு அடியில், உடைத்துப் பிரித்த பட்டுப்புடவை அட்டைகளைச் சுமந்துகொண்டு இருக்கும். அக்கா ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து மற்றொரு காலின் மேல் வைத்து, ரேக்கில் முழங்கையைச் சாய்த்து நிற்பார். உட்கார்ந்தால் மேலே கேமரா பார்க்கும், சூப்பர்வைசர் பார்ப்பார், "கஸ்டமர் என்ன நினைப்பாங்க" என்பார்.

16. 22-அ பிரிவின் கீழ் ஸ்டூல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், ஊழியர் அதில் உட்கார விடப்படுகிறாரா என்பதை ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வாளர் ஊழியர்களிடம் தனியாகப் பேச வேண்டும். உட்கார்ந்ததற்காகச் சம்பளம் பிடிப்பதும் திட்டுவதும் விதிமீறலாகப் பதிவாக வேண்டும்.

17. உட்காருவது மட்டும் தீர்வு அல்ல, அசைய வேண்டும். நிற்பவருக்கு உட்காரவும், நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் டெய்லர், பில் கவுண்டர் ஊழியர், ஓட்டுநர் ஆகியோருக்கு எழுந்து நடக்கவும் இடைவேளை வேண்டும்.

18. காவலாளிகளையும் நோயாளிக்குத் துணை இருப்பவர்களையும் நாற்காலியில் தூங்கவிடக் கூடாது. 1940இல் லண்டனில் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவெல்லாம் தூங்கியவர்கள் நுரையீரல் ரத்தக்கட்டியால் இறந்ததை மருத்துவர் கீத் சிம்ப்சன் லான்செட் இதழில் பதிவுசெய்தார். நாற்காலிச் சட்டம் தொடையை அழுத்த, காலில் ரத்தம் உறைந்தது. வார்டுக்கு வெளியே துணையிருப்போருக்குக் கால் நீட்டிப் படுக்கும் கூடமும், காவலாளிக்கு ஓய்வு நேரக் கட்டிலும் வேண்டும்.

உ. தெருவில் விழுந்தால்

19. மயங்கி விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்து முகத்தில் சோடா அடிப்பதும், வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் இன்னும் நடக்கின்றன. மயங்கியவரைத் தரையில் கிடத்திக் காலைச் சற்று உயர்த்தினால் மூளைக்கு ரத்தம் போகும். உட்காரவைத்தால் அது தடைப்படும். வலிப்பு வந்தவரையும், நினைவிழந்தும் மூச்சு விடுபவரையும் ஒருக்களித்துக் கிடத்தினால் நாக்கும் வாந்தியும் மூச்சை அடைக்காது. மூச்சு வாங்குபவரை மல்லாக்கப் படுக்கவைக்கவே கூடாது. இந்த நான்கு வரியைப் பள்ளிப் பாடத்திலும் பேருந்து நிலையச் சுவரிலும் எழுத வேண்டும்.

ஊ. கட்டுக்கதைகளுக்கு எதிராக

20. கட்டிலைச் சரித்துப் படுத்தால் சர்க்கரை, பிரஷர், வாதம் எல்லாம் போகும் என்று செல்போன் வீடியோக்கள் சொல்கின்றன. இந்த ஆரவாரத்தில் நாங்கள் சேரவில்லை. நெஞ்செரிச்சலுக்குக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களை 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவது சிலருக்கு உதவுகிறது, அவ்வளவே. பக்கவாதம் வந்த 11,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், மட்டமாகப் படுத்தவர்களுக்கும் தலை உயர்த்திப் படுத்தவர்களுக்கும் மூன்று மாதம் கழித்து ஊனத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஆதாரமில்லாத உறுதிமொழியோடு கட்டில், மெத்தை விற்கும் விளம்பரங்கள் மீது நடவடிக்கை வேண்டும்.

எங்கள் பக்கத்து உறுதிமொழி

கேட்பது மட்டும் எங்கள் வேலை அல்ல. வார்டு அட்டையில் புரட்டும் நேரத்தைக் குறிக்கக் குடும்பத்தார் கை கொடுப்போம். செவிலியர் புரட்டச் சொல்லும்போது "தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்று தடுக்க மாட்டோம். வாடிக்கையாளராகக் கடைக்குப் போகும்போது, உட்கார்ந்திருக்கும் ஊழியரைப் பார்த்து முதலாளியிடம் புகார் சொல்ல மாட்டோம். இரவல் வாங்கிய மெத்தையை அடுத்த வீட்டுக்குப் போகும் நிலையில் திருப்பித் தருவோம்.

பொறுப்பும் காலக்கெடுவும்

கோரிக்கைகள் 1, 2, 5, 9 ஆகியவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. அரசாணையும் அச்சுத்தாளும் ரிப்பேர் செய்யும் ஆளும் போதும். இவற்றை ஆறு மாதத்துக்குள் நிறைவேற்றக் கோருகிறோம். ஆள் நியமனம், கட்டில் கொள்முதல், இரவல் கிடங்கு ஆகியவற்றை அடுத்த நிதிநிலை அறிக்கையில் சேர்க்கக் கோருகிறோம். 22-அ பிரிவின் கீழ் இதுவரை நடந்த ஆய்வுகளும் எடுத்த நடவடிக்கைகளும் மாவட்டவாரியாக 30 நாளில் வெளியாக வேண்டும். வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டத்துக்கொரு மனு போடுவோம். ஆறு மாதம் முடிந்த மறுநாள், ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குச் சென்று, எத்தனை கட்டில்கள் உயர்கின்றன, எத்தனை உயரவில்லை என்ற கணக்கை எழுத்தில் கேட்போம். கிடைக்கும் பதிலையும், கிடைக்காத பதிலையும் ஊரறியப் பட்டியலிட்டு வெளியிடுவோம்.